எந்த அலாரம் எந்த மேசைக்கு?

இணை மின்உற்பத்தி (சக்கையை எரித்து நீராவியும் மின்சாரமும் சேர்த்து எடுக்கும்) வசதியுள்ள ஒரு சர்க்கரை ஆலையின் கருவியியல் பொறியாளர் இப்படிக் கேட்டிருக்கிறார். அவர்களுடைய கண்ட்ரோல் ரூமில் ஆறு ஆபரேட்டர் கணினிகள் உள்ளன. கொதிகலனுக்கு இரண்டு, டர்பைனுக்கும் அரவைக்கும் பாகு காய்ச்சும் பிரிவுக்கும் ஒவ்வொன்று, ஷிப்ட் பொறுப்பாளருக்கு ஒன்று. ஆலையில் எங்கே என்ன நடந்தாலும் ஆறு திரைகளிலும் அதே அலாரம் வருகிறது. ஆறு ஹாரன்களும் ஒலிக்கின்றன. அருகில் இருப்பவர் எவரோ அக்னாலெட்ஜ் பொத்தானை, அதாவது அலாரத்தைப் பார்த்துவிட்டேன் என்று ஒப்புகை தரும் பொத்தானை, அழுத்த, எல்லா இடத்திலும் சத்தம் அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு கணினியிலும் அந்தந்தப் பிரிவின் அலாரங்கள் மட்டும் வரும்படி ஃபில்டர் போட்டுவிட்டால் போதுமா என்பது கேள்வி.

பிரிவுவாரியாகப் பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் ஃபில்டர் அலாரங்களைக் குறைப்பதில்லை. ஒருவருடைய பார்வையிலிருந்து சிலவற்றை எடுத்துவிடுகிறது, அவ்வளவே. எடுத்தவை வேறு எவர் பார்வையிலாவது படுகின்றனவா என்பதை அது கவனித்துக்கொள்ளாது. ஆகவே, ஆலையில் உள்ள ஒவ்வோர் அலாரத்துக்கும், பகல் ஷிப்டிலும் இரவு ஷிப்டிலும் விடுமுறை நாளிலும், இன்ன மேசையில் இருப்பவரே பொறுப்பு என்று எழுதிவைத்த பிறகே ஃபில்டரில் கைவைக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்லதாக இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் ஆலையில் காற்றுக் கம்ப்ரஸர்கள், நீர் சுத்திகரிப்பு, கூலிங் டவர் ஆகிய பொதுப் பயன்பாட்டுப் பிரிவுகளுக்குத் தனிக் கட்டடமும் தனிக் கணினியும் இருந்தன. அங்கே பகலில் மட்டுமே ஆள் உண்டு. முதன்மைக் கண்ட்ரோல் ரூமில் சத்தம் அதிகம் என்று ஆபரேட்டர்கள் குறைகூறியதால், அந்தப் பிரிவின் அலாரங்கள் மற்றக் கணினிகளில் வராதபடி நாங்களே ஃபில்டர் போட்டோம். பகலில் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. சில வாரங்கள் கழித்து ஓர் இரவு, ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸர் நின்றுவிட்டது. மாற்றுக் கம்ப்ரஸர் மேனுவலில் விடப்பட்டிருந்ததால் தானாகத் தொடங்கவில்லை. வால்வுகளையும் கருவிகளையும் இயக்கும் காற்றின் அழுத்தம் மெல்லமெல்ல இறங்கியது. கொதிகலன் ஆபரேட்டருக்குத் தெரிந்த முதல் அறிகுறி, நீராவியின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வால்வு தன் சொல் கேட்கவில்லை என்பதுதான். அவர் காரணம் தேடிக்கொண்டிருக்கும்போதே கொதிகலன் ட்ரிப் ஆனது, அதாவது பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிட்டது. எவருக்கும் காயமில்லை. ஆனால் பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோது, காற்றழுத்தம் குறைவு என்ற அலாரம் அதற்கு வெகுநேரம் முன்பே வந்திருந்தது. ஒப்புகை எதுவும் இல்லை. பூட்டிய அந்தக் கட்டடத்தைத் திறந்து உள்ளே போனேன். இருட்டில் திரை மட்டும் சிவப்பாக மினுங்க, மேசையடி ஸ்பீக்கரில் ஹாரன் அப்போதும் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்று மென்பொருளில் பழுது எதுவும் இல்லை. ஃபில்டர் நாங்கள் கேட்டதைத்தான் செய்தது. அந்த அலாரத்துக்கு இரவில் பொறுப்பாளர் எவரும் இல்லை என்பதை நாங்கள் பார்க்கத் தவறியிருந்தோம்.

எனவே முதல் வேலை ஓர் அட்டவணை. ஆலையைக் கட்டுப்படுத்தும் உங்கள் கணினி அமைப்பிலிருந்து, அதாவது டி.சி.எஸ். அல்லது ஸ்கேடாவிலிருந்து, எல்லா அலாரங்களையும் எக்செல் கோப்பாக எடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் டேக் (கருவியின் அடையாளப் பெயர்), அலாரத்தின் வகை, செட்பாயிண்ட் (அலாரம் எழும் அளவு), முன்னுரிமை ஆகியவற்றுக்குப் பக்கத்தில், மூன்று ஷிப்டுகளுக்கும் தனித்தனியாகப் பொறுப்பு மேசையை எழுதுங்கள். பிரிவுக்கே உரிய டேக்குகளில் தயக்கம் இராது. காற்று, குளிர்நீர், மின்பகிர்வு, தீயணைப்பு, கட்டுப்பாட்டு அமைப்பின் சொந்தப் பழுதுகள், யு.பி.எஸ். போன்ற பொதுவானவற்றில்தான் பேனா நிற்கும். அது நிற்கிற இடம் ஒவ்வொன்றும், மேலே சொன்ன இரவு மீண்டும் நடக்கக்கூடிய இடம்.

இரண்டு மேசைகளுக்கும் வேண்டிய அலாரங்கள் சில இருக்கும். உதாரணமாக, பிரதான நீராவிக் குழாயின் அழுத்தம் குறைந்தால், கொதிகலன் ஆபரேட்டர் எரிபொருளான சக்கையின் ஊட்டத்தைக் கூட்டவேண்டும், டர்பைன் ஆபரேட்டர் லோடைக் குறைக்கவேண்டும். இதற்காக ஒரே அலாரத்தை இரு மேசைகளுக்கும் அனுப்பினால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருவருமே இருந்துவிட வாய்ப்புண்டு. அல்லது ஒருவர் கொடுத்த ஒப்புகை மற்றவர் திரையிலும் அலாரத்தை அமைதியாக்கிவிடும். இருவர் செய்ய வேண்டிய செயல்கள் வேறு என்றால் அலாரங்களும் வேறாக இருக்கட்டும். ஒரே டிரான்ஸ்மிட்டர் (அளந்து அனுப்பும் கருவி) தரும் அளவீட்டில், கொதிகலன் மேசைக்குச் சற்று முன்னதாக ஒன்றும், டர்பைன் மேசைக்கு அதற்குக் கீழே ஒன்றும், அவரவர் செய்யவேண்டியதைச் சொல்லும் வாசகத்தோடு அமையுங்கள். செயல் எதுவும் இல்லாமல் தெரிந்துகொள்ள மட்டும் வேண்டும் என்றால், அது அலாரமே அல்ல. படத்தில் நிறம் மாறினால் போதும், ஹாரன் தேவையில்லை.

ஒப்புகை உரிமையையும் இதே அட்டவணைப்படி கட்டுங்கள். நீங்கள் விவரித்த நிலையில் உண்மையான ஆபத்து ஆறு ஹாரன்கள் ஒலிப்பதைவிட, யாரோ ஒருவர் ஆறையும் அடக்கிவிட முடிவதில்தான் இருக்கிறது. அரவை ஆபரேட்டர் எரிச்சலில் அழுத்திய பொத்தான், கொதிகலன் டிரம்மில் (நீரிலிருந்து நீராவி பிரியும் கலத்தில்) நீர்மட்டம் குறைந்த அலாரத்துக்கு ஒப்புகை தந்துவிட்டால், அதைப் பார்க்கவேண்டியவர் பார்த்துவிட்டதாக அமைப்பு நம்பிவிடுகிறது. ஆகவே ஹாரனை அடக்குவதும் ஒப்புகை அளிப்பதும் இருவேறு பொத்தான்களாக இருக்கவேண்டும். அடக்குவது அந்தக் கணினியின் சத்தத்தை மட்டும் நிறுத்தட்டும்; ஒப்புகை அந்தப் பிரிவின் மேசையில் மட்டும் ஏற்கப்படட்டும். ஷிப்ட் பொறுப்பாளரின் கணினியில் எல்லாப் பிரிவுகளும் தெரியலாம், ஆனால் ஹாரனும் ஒப்புகையும் அங்கே வேண்டாம். ஒரு மேசையின் கணினி பழுதானால் அதன் பிரிவுகளைப் பக்கத்து மேசைக்கு மாற்றித்தரும் உரிமை மட்டும் அவரிடம் இருக்கட்டும்.

அமைக்கும் முறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஃபில்டரை டேக் பெயரின் எழுத்துகளை வைத்து எழுதாதீர்கள். பி.எல்.ஆர். என்று தொடங்கும் டேக்குகளைக் கொதிகலன் மேசைக்கு அனுப்பு என்று எழுதுவது எளிதாகத் தோன்றும். ஆனால் விரிவாக்கத்தின்போது வேறொரு ஒப்பந்தக்காரர் வேறு பெயர்முறையில் சேர்த்த ஃபேன் ஒன்றின் அலாரம் எந்த விதியிலும் பொருந்தாமல் காணாமல்போகும். இன்றைய அமைப்புகள் பெரும்பாலானவற்றில் ஆலையின் படிநிலைப்படி பிரிவுகளை வரையறுத்து, ஒவ்வொரு டேக்கையும் ஒரு பிரிவின் கீழ் வைத்து, கணினிக்கோ பயனருக்கோ பிரிவுகளை ஒதுக்க வழியுண்டு. அதைப் பயன்படுத்தினால் புதிய டேக் தன் பிரிவின் விதியைத் தானே பெற்றுக்கொள்ளும். எந்தப் பிரிவிலும் சேராதவற்றுக்கென்று ஒரு பொதுத் தொகுப்பு வைத்து, அது ஷிப்ட் முழுதும் ஆள் இருக்கும் மேசை ஒன்றில் கட்டாயம் ஒலிக்கும்படி செய்யுங்கள். ஒதுக்கீட்டை லாகின் பெயரோடு இணைப்பதா, கணினியோடு இணைப்பதா என்று கேட்டால், ஆபரேட்டர் மேசைகளுக்குக் கணினியோடு இணைப்பதையே நான் விரும்புவேன். ஒருவர் லாகவுட் செய்து எழுந்துபோய், அடுத்தவர் லாகின் செய்யாதிருந்தால் பிரிவு அநாதையாகிவிடக் கூடாது.

பழைய ஸ்கேடாக்கள் சிலவற்றில் ஒவ்வொரு கணினியும் கருவிகளை நேரடியாகக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி.யிலிருந்து தானே அளவீட்டைப் படித்துத் தானே அலாரத்தை உருவாக்கிக்கொள்ளும். அங்கே பிரிவு ஒதுக்கீடு பயன் தராது. ஆறு கணினிகளிலும் ஆறு பட்டியல்கள் வளர்ந்து, செட்பாயிண்டுகள்கூடக் காலப்போக்கில் வேறுபட்டுவிடும். உங்களுடையது அப்படிப்பட்டது என்றால், அலாரத்தை உருவாக்கும் வேலையைக் கன்ட்ரோலருக்கோ இரட்டைச் சர்வருக்கோ மாற்றி, எல்லாக் கடிகாரங்களையும் ஒரே நேரமூலத்தோடு ஒத்திசைத்துவிட்டு, அதன்பிறகு மற்றவற்றைப் பேசலாம்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், ஒரு மேசைக்கு வரும் அலாரங்களின் எண்ணிக்கை ஒரு மனிதர் தாங்கக்கூடிய அளவில் இல்லை என்றால் பயனில்லை. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்ட் ஹேவனில் இருந்த டெக்ஸாக்கோ சுத்திகரிப்பு ஆலையில் நடந்தது இதற்குப் பெரும் சாட்சி. காலையில் இடியுடன் கூடிய மழையில் மின்னல் தாக்கி ஆலையின் பல பிரிவுகள் நிலைகுலைந்தன. ஒரு வால்வு திறந்திருப்பதாகத் திரை காட்டியது. உண்மையில் அது மூடியே இருந்தது. வெளியேற வழியில்லாத திரவம் கலத்தில் நிரம்பி, வெளியேறும் வாயுவை எரிக்கும் ஃபிளேர் அமைப்பின் கலம் வரை சென்று, குழாய் உடைந்து, ஏறத்தாழ 20 டன் ஹைட்ரோகார்பன் வெளியேறி, மின்னல் தாக்கிச் சுமார் ஐந்து மணி நேரம் கழித்து வெடித்தது. 26 பேர் காயமடைந்தனர். வெடிப்புக்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் 275 அலாரங்களை எதிர்கொண்டார்கள் என்று பிரிட்டனின் தொழிலிடச் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் தன் அறிக்கையில் எழுதியது. ஏறத்தாழ இரண்டரை விநாடிக்கு ஓர் அலாரம் என்ற கணக்கு. அமைக்கப்பட்டிருந்த 2,040 அலாரங்களில் 87 சதவீதம் உயர் முன்னுரிமை கொண்டவை. எல்லாமே அவசரம் என்று எழுதிவைத்தால், எது அவசரம் என்று ஆபரேட்டர் எதைக் கொண்டு அறிவார்? உங்கள் ஃபில்டரில் முன்னுரிமையை ஓர் அளவுகோலாகப் பயன்படுத்த நினைத்தால், முதலில் இந்த விழுக்காட்டை உங்கள் ஆலையில் கணக்கிட்டுப் பாருங்கள்.

இந்த விபத்துக்குப் பின் 1999இல் பிரிட்டனில் ஈ.ஈ.எம்.யூ.ஏ. 191 என்ற அலாரம் மேலாண்மை வழிகாட்டி வந்தது. 2009இல் அமெரிக்காவின் ஐ.எஸ்.ஏ. 18.2 தரநிலையும், 2014இல் பன்னாட்டுத் தரநிலையான ஐ.இ.சி. 62682ம் வெளிவந்தன. இவை தரும் அளவுகள் ஆலைக்கு அல்ல, ஒரு மேசைக்கு உரியவை என்பதை நினைவில் வையுங்கள். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரம், நாளொன்றுக்குச் சுமார் 150 என்பது ஏற்கத்தக்கது. பத்து நிமிடத்துக்கு இரண்டு, நாளொன்றுக்குச் சுமார் 300 என்பது சமாளிக்கக்கூடிய மேல்வரம்பு. பத்து நிமிடத்தில் பத்துக்கு மேல் வந்தால் அது வெள்ளம். முன்னுரிமையில் ஏறத்தாழ 80 சதவீதம் தாழ்ந்ததும், 15 சதவீதம் நடுத்தரமும், 5 சதவீதம் மட்டுமே உயர்ந்ததுமாக இருப்பது நன்று. பிரிவு ஒதுக்கீட்டின் உண்மையான பயன் இங்கேதான் தெரியும்: ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனியாகக் கணக்கெடுத்தால் எந்த மேசை மூழ்குகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது கொதிகலன் மேசையாகவே இருக்கும்.

மூழ்குகிற மேசையில் ஃபில்டரைக் கூட்டாதீர்கள், மூலத்தில் குறையுங்கள். கடந்த ஒரு வாரப் பதிவை எடுத்து, அதிகம் வந்த பத்து டேக்குகளை வரிசைப்படுத்துங்கள். நான் பார்த்த ஆலைகளில் இந்தப் பத்தே மொத்தத்தின் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒருமுறை முதலிடத்தில் இருந்தது, கொதிகலனின் புகையை வெளியே இழுக்கும் ஐ.டி. ஃபேனின் பேரிங் வெப்பநிலை. ஃபேனருகே ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தபோது, அதிர்வில் தளர்ந்த டெர்மினலில் வெப்பநிலை உணரியான ஆர்.டி.டி.யின் ஒரு கம்பி விரலால் தொட்டதும் ஆடியது. ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்றுத் திருகியதில் அந்த மேசையின் இரவு மாறிப்போனது. அந்த அலாரத்தை மறைக்க ஃபில்டர் போட்டிருந்தால், பேரிங் உண்மையிலேயே சூடாகும் நாளில் எவருக்கும் தெரிந்திருக்காது.

கருவியில் குறையில்லாமலே எல்லையில் ஊசலாடும் அளவீடுகளுக்கு டெட்பேண்டும் (எல்லையிலிருந்து இவ்வளவு விலகிய பிறகே அலாரம் நீங்கும் என்ற இடைவெளி) தாமதமும் (இவ்வளவு நேரம் நீடித்தாலே அலாரம் என்ற காத்திருப்பு) மருந்து. ஓட்டத்துக்கும் மட்டத்துக்கும் அளவீட்டு வீச்சில் 5 சதவீதம், அழுத்தத்துக்கு 2, வெப்பநிலைக்கு 1 என்று டெட்பேண்டும், ஓட்டத்துக்கும் அழுத்தத்துக்கும் 15 விநாடி, மட்டத்துக்கும் வெப்பநிலைக்கும் 60 விநாடி என்று தாமதமும் தொடக்க மதிப்புகளாக வழங்கிவருகின்றன. இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா டேக்குக்கும் ஏற்றிவிடாதீர்கள். சாறு சேமிக்கும் தொட்டிக்கு 60 விநாடித் தாமதம் பொருந்தும். முழு லோடில் ஓடும் கொதிகலனின் டிரம் மட்டத்துக்கு அது கொடுக்கவே கூடாது. ஊட்டநீர் நின்றால் அந்த ஒரு நிமிடம்தான் ஆபரேட்டருக்கு மிச்சமிருக்கும் நேரம்.

அடுத்தது நிலையைப் பொறுத்த அடக்கம். சர்க்கரை ஆலைக்கு இது மற்ற எந்த ஆலையையும்விட அதிகம் பொருந்தும். அரவைப் பருவம் முடிந்ததும் அரவையிலும் பாகு காய்ச்சும் பிரிவிலும் ஓட்டம் இல்லை, மட்டம் இல்லை, வெற்றிடம் இல்லை என்று நூற்றுக்கணக்கான அலாரங்கள் மாதக்கணக்கில் திரையில் நின்றுகொண்டிருக்கும். அவற்றுக்கிடையே, பருவமில்லாக் காலத்திலும் தேவைப்படும் தீயணைப்பு நீர்த்தொட்டியின் மட்டம் குறைந்தால் கண்ணில் படுவது கடினம். பிரிவு ஓடுகிறது, நிற்கிறது, பராமரிப்பில் இருக்கிறது என்ற நிலைகளை லாஜிக்கில் வரையறுத்து, நிற்கும் நிலையில் பொருளற்ற அலாரங்கள் எழாமலே இருக்கும்படி செய்யவேண்டும். நிலையை அமைப்பே மோட்டார்களின் ஓட்டத்திலிருந்து கண்டறியட்டும். ஆபரேட்டர் தேர்ந்தெடுக்கும் பொத்தானை மட்டும் நம்பினால், பருவம் தொடங்கும் நாளில் அதைத் திருப்ப மறந்துவிடுவார்கள். கொதிகலன் ட்ரிப்பும் இதே வகைதான். எது முதலில் வந்தது என்பதைத் தனியாகப் பிடித்துக் காட்டி, அதன் இயல்பான விளைவுகளைச் சிறிது நேரம் அடக்குங்கள். ஆனால் ட்ரிப் ஆன பிறகு நடக்கவேண்டியது நடக்கவில்லை என்று சொல்பவற்றை, அதாவது மூடவேண்டிய வால்வு மூடவில்லை, நிற்கவேண்டிய சக்கை ஊட்டி நிற்கவில்லை என்பவற்றை, ஒருபோதும் அடக்காதீர்கள்.

பழுதான டிரான்ஸ்மிட்டர் மாற்றப்படும் வரை அதன் அலாரத்தை ஒதுக்கிவைக்க ஆபரேட்டருக்கு ஒரு நேர்வழி தேவை; ஷெல்விங் என்பது அதுதான். காரணம் எழுதவேண்டும், காலவரம்பு ஒரு ஷிப்டைத் தாண்டக்கூடாது, வரம்பு முடிந்ததும் தானே திரும்பவேண்டும், ஷிப்ட் மாறும்போது ஒதுக்கிவைத்தவற்றின் பட்டியலை அடுத்தவர் படித்துக் கையொப்பமிடவேண்டும். இந்த வழி இல்லாத ஆலைகளில் ஸ்பீக்கருக்குள் துணியைத் திணித்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டு மணி நேரம் அந்தச் சத்தத்தில் உட்காரவைத்தவர்கள் நாம்.

ஆபரேட்டர் தற்காலிகமாகப் போடும் திரை ஃபில்டரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒன்றைத் தேடுவதற்காக அவர் பட்டியலைச் சுருக்கலாம். ஆனால் சுருக்கியிருக்கும் வரை திரையின் மேல்விளிம்பில் நிறப்பட்டை ஒன்று எரிந்து, எத்தனை அலாரங்கள் மறைந்துள்ளன என்ற எண்ணிக்கையைக் காட்டவேண்டும். சில நிமிடங்களில் தானே நீங்கிவிடவேண்டும். நிலையான மாற்றம் பொறியாளர் கணினியிலிருந்து, மாற்ற அனுமதிப் படிவத்தோடு மட்டும். எந்த ஃபில்டரும் பதிவேட்டைத் தொடக்கூடாது. அதில் எல்லாம் விழவேண்டும். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்த விபத்தின் முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் எழுந்தன. முக்கியமற்றவற்றை அடக்க ஏற்பாடு இல்லை. அலாரங்களை அச்சிட்ட பிரிண்டர் நிகழ்வுகளுக்கு இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தது. பதிவு என்பது பிறகு ஆராய்வதற்கு. திரை என்பது இப்போது செயல்படுவதற்கு. இரண்டையும் ஒரே பட்டியலாக வைத்திருந்தால் இரண்டுமே கெடும். டிரான்ஸ்மிட்டர்கள் தம்மைப் பற்றித் தாமே அனுப்பும் பராமரிப்புச் செய்திகளை ஆபரேட்டரிடமிருந்து முழுவதுமாக எடுத்து உங்கள் கருவியியல் பட்டறையின் கணினிக்கு அனுப்பிவிடலாம்.

வேலையின் வரிசை இது. பருவம் ஓடும்போதே பதிவுகளைச் சேர்த்து, அதிகம் வரும் பத்தையும் உடனுக்குடன் சரிசெய்யுங்கள். அதற்கு எவர் அனுமதியும் பெரிதாகத் தேவையில்லை. பொறுப்பு அட்டவணையைக் கொதிகலன், டர்பைன், அரவை ஆபரேட்டர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள்; அவர்கள் இல்லாமல் எழுதியது முதல் இரவிலேயே பொய்த்துவிடும். பிரிவு ஒதுக்கீட்டையும் நிலை லாஜிக்கையும் பருவமில்லாக் காலத்தில் ஏற்றுங்கள். ஏற்றிய பின், ஓர் இரவு ஷிப்டில், அந்த ஷிப்டுக்கு உண்மையில் வரும் ஆட்கள் மட்டும் இருக்கும்போது, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் சில டேக்குகளை சிமுலேஷனில் வரம்பு தாண்டச் செய்து, எந்த ஹாரன் ஒலித்தது, யார் எழுந்து பார்த்தார், எவ்வளவு நேரத்தில் என்று கடிகாரத்தை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு மேசையின் கணினியை அணைத்துவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். காற்றுக் கம்ப்ரஸரின் டேக்கிலிருந்து தொடங்குங்கள்.